பூவிருந்தவல்லியில் இல்லாமற்போன ஒரு படி

சென்னையின் மேற்கு விளிம்பில், திருப்பெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பூவிருந்தவல்லி. பேச்சு வழக்கில் பூந்தமல்லி. வைணவர்களுக்கு இது திருக்கச்சி நம்பிகளின் ஊர். இராமானுசரின் ஐயங்களைக் காஞ்சிப் பேரருளாளனிடம் கொண்டு சென்று விடை பெற்று வந்தவர் அவர் என்பது குருபரம்பரைச் செய்தி. கீழிருப்பவரின் விண்ணப்பத்தை மேலிடத்தில் சேர்ப்பித்தவர் பிறந்த அதே ஊரில்தான், மேல்முறையீட்டின் ஒரு படி சட்டத்தாலேயே அகற்றப்பட்டிருந்த ஒரு பெருவழக்கு நடந்தது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்த பலரும் கொல்லப்பட்ட வழக்கு அது. பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று, விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது.

இவ்வழக்கின் அரசியல் குறித்து இரு தரப்பிலும் வேண்டிய மட்டும் எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கொலையின் கொடுமையைப் பற்றி நமக்கு இருவேறு கருத்து இல்லை. இங்கே நாம் பின்தொடர விரும்புவது, தீர்ப்புக்குப் பின் அக்கோப்பு எந்த வழியாகப் பயணம் செய்தது என்பதை மட்டுமே.

வழக்கமான பாதையை முதலில் பார்த்துவிடுவோம். அம்பத்தூரிலோ ஆவடியிலோ நடந்த ஒரு சிறு குற்றத்துக்குக் குற்றவியல் நடுவர் தண்டனை அளித்தால், மேல்முறையீடு அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். அங்கும் தோற்றவர் சீராய்வு கோரி உயர் நீதிமன்றத்தை நாடலாம். கொலை வழக்கில் விசாரணையே அமர்வு நீதிமன்றத்தில்தான் தொடங்கும். ஆகவே முதல் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில். மரண தண்டனை என்றால் இன்னுமொரு காப்பு உண்டு. குற்றவாளி முறையிட்டாலும் முறையிடாவிட்டாலும், தண்டனையை உறுதிப்படுத்தக் கோரி அமர்வு நீதிமன்றமே கோப்பை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் அது 407ஆம் பிரிவு. குறைந்தது இரு நீதிபதிகள் சாட்சியம் முழுவதையும் புதிதாக எடைபோட்டு ஒப்பமிட்டாலன்றித் தூக்குக் கயிற்றைத் தொட முடியாது. அதன் பிறகுதான் தில்லி. அதுவும் பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி கிடைத்தால்.

உயர் நீதிமன்றம் என்ற இந்த நடுப்படிக்கு ஒரு தனிப் பெறுமதி உண்டென்று நாம் கருதுகிறோம். தமிழில் சொல்லப்பட்ட சாட்சியத்தைத் தமிழ் தெரிந்த நீதிபதி மூலத்திலேயே படித்துப் பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் கடைசியாக இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அங்கே போய்ச் சேர்வது மொழிபெயர்ப்பு. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மறுபரிசீலனை செய்ய யாருமில்லாத மதுரையில் கோவலனுக்கு நேர்ந்ததைப் படித்து வளர்ந்த நமக்கு, இரண்டாம் பார்வையின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1987ஆம் ஆண்டின் தடா சட்டம் இந்த நடுப்படியைத்தான் எடுத்துவிட்டது. அதன் 19ஆம் பிரிவின்படி, தனி நீதிமன்றத் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு, முப்பது நாட்களுக்குள். மரண தண்டனையை உறுதிப்படுத்தும் பொறுப்பும் அங்கேயே மாற்றப்பட்டது. விரைவு கருதிய ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கியது. காவலரிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்பது நமது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. ஆக, சாட்சியத்தின் வாசல் அகலமாக்கப்பட்டது. அதைச் சோதித்துப் பார்க்கும் வாசல்களில் ஒன்று மூடப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பூவிருந்தவல்லியில் நடந்தது விளங்கும்.

அங்கே விசாரணை மூடிய அறையில் நடந்தது. அரசுத் தரப்பில் 288 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டோரில் 17 பேரின் ஒப்புதல் வாக்குமூலங்கள் வழக்கின் முதுகெலும்பாக நின்றன. தடா சட்டம் 1995 மே மாதத்தோடு காலாவதியாயிற்று. அதன்கீழ் நடந்துகொண்டிருந்த வழக்குகள் ஆகவில்லை.

தில்லியில் வழக்கு நடத்தச் சாதாரணக் குடும்பங்களால் இயலுமா? பழ. நெடுமாறன் தலைமையில் ஒரு குழு அமைந்து, பொதுமக்களிடம் நிதி திரட்டி மேல்முறையீட்டை நடத்தியது. மூத்த வழக்குரைஞர் என். நடராசன் வாதாடினார். நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, சையத் ஷா முகமது குவாத்ரி ஆகியோரின் அமர்வு 1999 மே 11 அன்று தீர்ப்பளித்தது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்குத் தூக்கு உறுதியாயிற்று. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூவருக்கும் ஆயுள் தண்டனை. எஞ்சிய 19 பேர் கொலைச் சதியில் பங்குகொண்டதாக மெய்ப்பிக்கப்படவில்லை. சிறு குற்றங்களுக்கு அவர்கள் கழித்த சிறைவாசமே போதுமென்று விடுவிக்கப்பட்டனர். நளினிக்கு ஆயுள் தண்டனையே போதும் என்றார் தாமஸ். மற்ற இருவரும் உடன்படவில்லை.

இருபத்தாறில் பத்தொன்பது. பூவிருந்தவல்லியில் தூக்குக்குரியவர்களாகத் தெரிந்த பத்தொன்பது பேர், ஒரே ஒரு மேல்முறையீட்டில் கொலைப் பழியிலிருந்து விடுபட்டார்கள். இதை மேல்முறையீட்டின் வெற்றி என்று சொல்லலாம், சொல்லவும் செய்தார்கள். நமக்கோ வேறொரு கேள்வி எழுகிறது. முதல் சல்லடையே இவ்வளவைப் பிரித்துத் தந்ததென்றால், இரண்டாவது சல்லடை இருந்திருந்தால் அந்த ஏழு பேரின் கணக்கு என்னவாகியிருக்கும்? இதற்கு விடை இல்லை. விடை காணும் வழியைத்தான் சட்டம் முன்பே அடைத்துவிட்டிருந்தது.

இதைவிடவும் விசித்திரமானது ஒன்று உண்டு. இந்தக் கொலை தடா சட்டம் வரையறுத்த பயங்கரவாதச் செயலாகாது என்று அதே தீர்ப்பு முடிவு செய்து, அச்சட்டத்தின் கீழான தண்டனைகளை நீக்கிவிட்டது. ஆனால் அச்சட்டத்தின் தயவில் வந்த வாக்குமூலங்கள், தண்டச் சட்டக் குற்றங்களுக்கான சாட்சியமாக நீடித்தன. ஒருவரின் வாக்குமூலம் மற்றவருக்கு எதிராக எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. தாமஸ் அதற்குக் குறைந்த மதிப்பையே அளித்தார், பெரும்பான்மை மறுத்தது. தடாக் குற்றம் நிற்காது என்று ஆனபின் மிஞ்சியது சாதாரணக் கொலை வழக்கு. சாதாரணக் கொலை வழக்குக்கு உயர் நீதிமன்றம் உண்டு. அப்படி ஒரு வழக்கில் அந்தப் படியை மட்டும் அவர்கள் இழந்திருந்தார்கள்.

மறுசீராய்வு மனுக்கள் 1999 அக்டோபரில் தள்ளுபடியாயின. அதன்பின் நடந்ததெல்லாம், இல்லாமற்போன படிக்கு ஈடாக வேறு ஏணிகளைத் தேடிய கதை. ஆளுநர் பாத்திமா பீவி கருணை மனுக்களை நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனை பெறாமல் செய்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1999 நவம்பரில் அதை ரத்து செய்தது. 2000 ஏப்ரலில் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. மற்ற மூவரின் மனுக்கள் குடியரசுத் தலைவர் மாளிகையில் பதினோரு ஆண்டுகள் கிடந்து 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டன. செப்டம்பர் 9 என்று நாளும் குறித்தாயிற்று. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தாமதத்தையே காரணமாக்கி உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரி 18 அன்று தண்டனையைக் குறைத்தது. விடுதலை குறித்து மாநில அரசும் மத்திய அரசும் ஆளுநர் மாளிகையும் மேலும் எட்டாண்டுகள் இழுபறியில் கழித்தன. பேரறிவாளன் 2022 மே 18 அன்றும், மற்ற அறுவர் நவம்பர் 11 அன்றும் உச்ச நீதிமன்ற ஆணையால் விடுதலையாயினர். விரைவுக்காகச் சுருக்கப்பட்ட பாதை முப்பத்தோராண்டு நீண்டது.

இந்த நீண்ட காலத்தில் எந்த மன்றமும் உண்மை நிகழ்வை மறுபடி எடைபோடவில்லை என்பதுதான் கருதத்தக்கது. வாதமெல்லாம் தாமதம், அதிகாரம், ஆலோசனை என்பவற்றைப் பற்றியே. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, ஓய்வுபெற்ற பின் 2013இல், மின்கலங்கள் எதற்காக வாங்கப்பட்டன என்று தமக்குத் தெரியாதென அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகக் கூறினார். கேட்டவர்கள் அதிர்ந்தார்கள். ஆனால் அச்சொல்லை எடைபோட வேண்டிய மேல்முறையீடு முடிந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிந்தைய சட்டங்கள் சத்தமில்லாமல் பழைய பாதைக்குத் திரும்பின. 2002ஆம் ஆண்டின் பொடா சட்டம் ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய விதியைச் சில கட்டுப்பாடுகளோடு வைத்துக்கொண்டாலும், 34ஆம் பிரிவில் மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்கே தந்தது. அச்சட்டத்துக்கான தனி நீதிமன்றமும் பூவிருந்தவல்லியில்தான் இருந்தது. 26 பேருக்காக நிதி திரட்டிய நெடுமாறனே அந்த ஆண்டு பொடாவில் கைதானார். 2008ஆம் ஆண்டின் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டமும் 21ஆம் பிரிவில் அவ்வாறே செய்தது: சட்டம், நிகழ்வு இரண்டின் மீதும் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம், இரு நீதிபதிகள் கேட்பார்கள், இயன்றவரை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். பூவிருந்தவல்லியில் அச்சட்டப்படி விதிக்கப்படும் தண்டனைக்கு முதல் மேல்முறையீடு, இருபது கிலோமீட்டர் தொலைவில் பாரிமுனைச் சிவப்புக் கட்டடத்துக்குத்தான் போகிறது.