ஏ.என்.-32

அன்டோனோவ் ஏ.என்.-32 இந்திய விமானப்படையின் நடுத்தரச் சரக்கு விமானம். 1976 ஜூலையில் சோவியத் ஒன்றியத்தில் முதன்முதலாகப் பறந்தது. 1984 தொடங்கி ஏறத்தாழ 125 விமானங்களை இந்தியா வாங்கியது. கோவையை அடுத்த சூலூரிலுள்ள 33ஆம் ஸ்குவாட்ரனிடம் இவ்வகை விமானங்கள் உண்டு. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்கு ஆளும் சரக்கும் ஏற்றிச் செல்வதும் இதன் வேலைகளில் ஒன்று.

இறக்கைக்கு மேலே தூக்கி வைத்த இரண்டு பெரிய எஞ்சின்களே இதன் அடையாளம். வெப்பம் மிகுந்த இடத்திலும் உயரமான மலைத்தளத்திலும் காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சினின் திறன் சரியும். முந்தைய ஏ.என்.-26 அங்கே திணறியதால், அதன் உடலில் ஏறக்குறைய இரு மடங்கு திறனுள்ள ஏ.ஐ.-20 எஞ்சின்களைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 5,000 குதிரைத்திறன். அதற்கேற்ற பெரிய சுழலி தரையிலும் உடலிலும் இடிக்காமல் இருக்க எஞ்சினை மேலேற்ற வேண்டியதாயிற்று. சுமை 6.7 டன், அல்லது பாராசூட் வீரர்கள் 42 பேர். 2008 மே 31 அன்று லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஒரு ஏ.என்.-32 இறங்கிக் காட்டியது.

மலையை வென்ற விமானத்துக்கு உதிரிபாகமே பெரும்பாடாயிற்று. விமானத்தின் ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் இத்தனை மணிநேரப் பறப்பு, இத்தனை ஆண்டு என்று ஆயுள் விதித்திருக்கும். அது முடிந்தால், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், கழற்றி ஓவர்ஹாலுக்கு அனுப்பவோ மாற்றவோ வேண்டும். ஸ்டோரில் மாற்றுப் பாகம் இல்லாவிட்டால் விமானம் தரையில் நிற்கும். அவசரத்துக்கு, நிற்கும் விமானத்தின் பாகத்தைக் கழற்றிப் பறக்கும் விமானத்துக்குப் பொருத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஒன்றைப் பறக்கவைக்க இன்னொன்று முடங்குகிறது.

இந்தியா வாங்கத் தொடங்கியபோது விற்றது ஒரே நாடு. 1991க்குப் பின் விமானத்தை வடிவமைத்த கீவ் நகரமும் எஞ்சின் செய்யும் சப்போரிஷியாவும் உக்ரைனில் அமைந்தன. பல துணைக்கருவிகளைச் செய்தவர்கள் ரஷ்யாவில் இருந்தார்கள். 2009இல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களைப் புதுப்பித்து, ஆயுளை 40 ஆண்டாக நீட்டிக்க உக்ரைனுடன் சுமார் 40 கோடி டாலருக்கு ஒப்பந்தமானது. 40 விமானங்கள் அங்கே போய்த் திரும்பின. மீதியைக் கான்பூரிலுள்ள விமானப்படைப் பழுதுநீக்கு நிலையத்தில் புதுப்பிப்பதாக ஏற்பாடு. 2014இல் கிரிமியா விவகாரத்தால் உக்ரைனும் ரஷ்யாவும் பகைத்துக்கொள்ள, பாகங்கள் வருவது தடைபட்டுக் கான்பூர் வேலை தேங்கியது. 2022 போரில் சப்போரிஷியாவின் மோட்டார் சிச் எஞ்சின் ஆலையே தாக்குதலுக்கு உள்ளானது. ஒப்பந்தம் போடும்போது விலையையும் தவணையையும் மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேர் புறப்பட்ட கே-2743 என்ற விமானம் வங்கக் கடல் மேல் காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் பயனில்லை. செப்டம்பரில், அதில் இருந்த அனைவரும் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இறக்கிய ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானத்தின் சிதைவுகளைப் படம்பிடித்தது. அவை ஏ.என்.-32 விமானத்துடன் பொருந்துவதாகவும் அந்தப் பகுதியில் வேறு விமானம் விழுந்த பதிவு இல்லை என்றும் 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் தெரிவித்தது. இந்த விபத்தை உதிரிபாகத் தட்டுப்பாட்டோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். 2019 ஜூன் 3 அன்று ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் மேச்சுகாவுக்குச் சென்ற மற்றொரு ஏ.என்.-32 மலையில் மோதி 13 பேர் மாண்டார்கள்.

காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த உயிரி எரிபொருளைப் பத்து விழுக்காடு கலந்து 2018 டிசம்பரில் விமானப்படை பறக்கவிட்டதும் இந்த விமானத்தைத்தான். பெரும்பகுதியை வடோதராவில் டாடா நிறுவனம் தயாரிக்கும் சி-295 விமானங்கள் இதற்கு மாற்றாகும் என்று சிலர் எண்ணுகிறார்கள். 2021இல் ஒப்பந்தமான அந்த 56 விமானங்கள் பழைய ஆவ்ரோ சரக்கு விமானங்களுக்கு மாற்றாக வாங்கப்பட்டவை. ஏ.என்.-32 இடத்துக்கு 18 முதல் 30 டன் வரை சுமக்கும் விமானம் கேட்டு விமானப்படை 2022 இறுதியில் தயாரிப்பாளர்களிடம் விவரம் கோரியது.