கள்ளுக்கடை போன இடத்தில் ஒரு பெஞ்சு

போன மாதம் எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "தாத்தா, முனையில மூடிக் கெடக்குற பாய் டீக்கடைய நாங்க எடுத்து நடத்தலாம்னு இருக்கோம். நீங்க இன்னா சொல்றீங்க?" என்றார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் முப்பத்தைந்து வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். லாப நஷ்டம் கேட்கத்தான் வந்தார்கள். எனக்கோ பழைய கதைதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

என் தாத்தா காலத்தில் டீக்கடை என்பதே எங்கள் பக்கம் அபூர்வம். இருந்தது கள்ளுக்கடை. பாலாற்றங்கரைத் தென்னையிலும் ஈச்சையிலும் இறக்கிய கள். கடைகளை சர்க்கார் வருடா வருடம் ஏலம் விடும். அந்தப் பணத்தில்தான் சென்னை மாகாண கஜானா பெரிய அளவில் நிரம்பியது.

பகலெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோலைப் புரட்டியவர்களும், ஆவாரம் பட்டை சுமந்தவர்களும் சாயந்திரம் போய் உட்கார வேறு இடம் இல்லை. கோயிலுக்குள் விடமாட்டார்கள். பெரியவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாது. எந்த டேனரியில் ஆள் எடுக்கிறார்கள், யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் கடன் கிடைக்கும் என்ற பேச்செல்லாம் கள்ளுக்கடையில்தான். வாரக் கூலி கரைந்ததும் அங்கேதான். குடும்பத்தைக் கெடுத்த இடமும் மனுஷனை மனுஷனாக உட்கார வைத்த இடமும் ஒன்றாகவே இருந்தது.

இதை மாற்ற வந்தவர் ராஜாஜி. 1921 டிசம்பரிலிருந்து 1922 மார்ச் வரை அவர் இருந்த சிறை நம் வேலூர்ச் சிறைதான். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை 1929-ல் தொடங்கினார். கல்கி அதில் அவருக்குத் துணை. 1937-ல் மாகாணப் பிரதமர் ஆனதும் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. மறுவருடம் சித்தூர், கடப்பை. 1939 அக்டோபர் 1-ந் தேதி எங்கள் வட ஆற்காடு ஜில்லா. போன வருமானத்துக்கு ஈடாக அவர் அதே ஆண்டு கொண்டுவந்ததுதான் விற்பனை வரி. அந்த வரியின் வாரிசு இன்று நம் எல்லா பில்லிலும் இருக்கிறது!

கடையை மூடினால் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சாயந்திரம் ஆறு மணிக்கு அந்த ஆள் எங்கே போவான்? அதனால் சேலத்தில் கள்ளுக்கடைக்கு மாற்றாகத் தேநீர்க் கடை, விளையாட்டு, பஜனை என்று ஏற்பாடு செய்தார்கள். மரமேறிகளுக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்தார்கள். இந்தியத் தேயிலையை உள்ளூரிலேயே விற்க வேண்டிய கட்டாயத்தில் இருந்த தேயிலைக்காரர்கள், ஊர் ஊராகப் போய் இலவசமாக டீ போட்டுக் கொடுத்துப் பழக்கிய காலமும் அதுதான்.

எங்கள் ஜில்லாவின் துரதிர்ஷ்டம், அக்டோபர் முதல் தேதி கடை மூடியது, அக்டோபர் முடிவதற்குள் போர் காரணமாக மந்திரிசபையே ராஜினாமா செய்துவிட்டது. போர்க்காலத்தில் மதுவிலக்கையும் நிறுத்தி வைத்தார்கள். பிறகு மீண்டும் வந்து, 1948 அக்டோபர் 2-ந் தேதி ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் பரவியது. இந்த இழுபறியில் பஜனையும் விளையாட்டும் நிலைக்கவில்லை. டீக்கடை நின்றது. அதற்கு சர்க்கார் பணம் வேண்டியிருக்கவில்லை. கடைக்காரருக்குப் பிழைப்பு, வந்தவனுக்குச் சில்லறைக் காசில் ஒரு மணி நேரம். இது என் கணக்குப்பிள்ளை புத்திக்குப் பட்டது.

டீக்கடை எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். என் அப்பாவுக்குச் சில ஊர்க் கடைகளில் தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவி வைக்க வேண்டும். எங்கள் முனை பாய் கடையில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கண்ணாடி டம்ளர், ஒரே பெஞ்சு. அப்பா அங்கே மட்டும்தான் உட்கார்ந்து டீ குடிப்பார்.

1971 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். வேண்டாம் என்று கேட்க, வயதான ராஜாஜி கொட்டும் மழையில் முதலமைச்சர் கலைஞர் வீட்டுக்கே போனதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. டேனரிக்கும் வீட்டுக்கும் நடுவில் சாராயக்கடை வந்தது. சனிக்கிழமை கூலி நாள். அப்பா எந்த நேரத்துக்கு வருவார், எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று அம்மா வாசலிலேயே நிற்பாள்.

பாய்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தந்தி பேப்பர் செய்தி என்றால் உயிர். சனிக்கிழமை சாயந்திரம் என்னைக் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்து, பேப்பரைக் கையில் கொடுத்துவிடுவார். அப்பா தலை தெரிந்ததும், "இன்னாண்ணே, பையன் படிக்கப் போறான். ஒரு டீ சாப்ட்டுப் போ" என்பார். நான் சத்தமாகப் படிப்பேன். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். பேச்சு கூலி, போனஸ், சங்கம் என்று போகும். இருட்டியதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

எல்லா சனிக்கிழமையும் நாங்கள் ஜெயிக்கவில்லை. மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றில்தான் என் பள்ளிக்கூடச் செலவு ஓடியது. 1974-ல் சாராயக்கடைகளை மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள், 2003-லிருந்து சில்லறை விற்பனையையே டாஸ்மாக் மூலம் அரசு எடுத்துக்கொண்டது. மூடலும் திறப்பும் மாறி மாறி வந்தன. பாய் கடை பெஞ்சு நடுவில் நகரவே இல்லை. அவர் மவுத்தான பிறகு பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். ஷட்டர் இறங்கி மூன்று வருடம் ஆகிறது.

பையன்களுக்கு இரண்டு உதாரணம் சொன்னேன். 1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூட முடிவு செய்தது. வேலை போக இருந்த தொழிலாளர்கள், ஏ.கே. கோபாலன் தூண்டுதலில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தினார்கள். முதல் சங்கம் 1957-ல் பெங்களூரில், நம் ஊரிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரம். இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கேள்விப்பட்டது இன்னொன்று. ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சின்ன கிராமத்தில், ஊர்க்காரர்கள் பங்கு போட்டு, 'ஓல்ட் கிரவுன்' என்ற தங்கள் பழைய மதுக்கடையை 2003-ல் கூட்டுறவாக வாங்கிவிட்டார்கள். இப்படிப்பட்ட இடம் விற்பனைக்கு வந்தால் ஊரார் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கொடுக்க 2011-ல் அங்கே சட்டமே வந்தது. அந்த நாட்டில் பல கிராமங்களில் மதுக்கடைக்குள்ளேயே தபால் ஆபீசும் மளிகையும் நடக்கின்றன. குடிக்காதவனுக்கும் உள்ளே வர ஒரு காரணம் இருக்கிறது. கடை பிழைப்பது அதனால்தான்.

கணக்கும் போட்டுக் கொடுத்தேன். வாடகை, பால், சர்க்கரை, கேஸ், கரண்ட். பார்சல் டீ மட்டும் விற்றால் லாபம் கூடும், பெஞ்சு போட்டால் இடமும் நேரமும் போகும் என்று ஒரு பையன் சரியாகவே கண்டுபிடித்தான். "பெஞ்சு இல்லாட்டி அது டீக்கடை இல்லப்பா, மெஷின்" என்றேன். அவன் சிரித்தான், ஒப்புக்கொண்டானா தெரியவில்லை.

என் பங்காக இரண்டு தினசரி பேப்பருக்கு மாதச் சந்தா கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற இன்னும் மூன்று பேர் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். பெஞ்சுக்கு ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை சாயந்திரம் நான் அங்கே உட்கார்ந்து சத்தமாகப் படிப்பதாக உத்தேசம். கேட்க யாராவது வருவார்களா, பார்க்கலாம்.