கிணற்றடியிலிருந்து குளியலறைக்கு



புதுவீடு கட்ட நினைப்பவர் இக்காலத்தில் முதலிற் பேசுவது குளியலறையைப் பற்றியே. குளியலறை எத்தனை, சுவரில் எவ்வளவு உயரத்துக்குப் பளிங்கு ஓடு பதிப்பது என்பன தீர்ந்த பின்னரே படுக்கையறையின் பேச்சு எழுகின்றது. அடுத்தபடியாக, வீட்டின் நடுவே வெளிச்சம் விழ ஒரு திறந்த முற்றம் வேண்டும், அதில் நாலு பச்சைச் செடி வேண்டும் என்பர். வழவழப்பான படத்தாள்களை விரித்துக் காட்டி, இதுதான் புதுப் பாணி என்றும் சொல்வர். நம் பாட்டன்மார் இதனைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பார்கள். முற்றம் அவர்களிடம் இருந்தது, பசுமையும் இருந்தது. குளியலறை ஒன்றுதான் இல்லை. இவை மூன்றும் நம்முடைய வீடுகளில் எவ்வாறு இடம் மாறின என்பதையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைக் காண விரும்புவோர் இன்று தேடித்தான் காணவேண்டும். நடுவே வானம் பார்த்த முற்றம். அதன் நாற்புறமும் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். அறைகள் சிறியன, இருண்டன. நெல்லும் பெட்டகமும் அவற்றுள் இருந்தன. பிள்ளைப்பேறும் அங்கேதான் நடந்தது. மற்றப்படி மனிதர் வாழ்ந்தது தாழ்வாரத்திலேயே. ஆண்கள் தெருப்பக்கத்துத் திண்ணையிலும் தலைவாசலிலும் இருந்தார்கள். பெண்களுக்கு உள் தாழ்வாரமே உலகம். முற்றத்தில் ஒடியல் காய்ந்தது, நெல் காய்ந்தது, கல்யாணத்துக்குப் பந்தல் எழுந்ததும் அங்கேதான். பகல் வெயிலிற் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போக, தோட்டத்து மர நிழலிலிருந்து குளிர்ந்த காற்று வாசல் வழியாக உள்ளே வரும். விசிறியில்லாத காலத்தில் வீட்டுக்கு மூச்சுவிடத் தெரிந்திருந்தது என்று என் பேரனார் சொல்வார்.

வீட்டுக்கு வெளியே வளவு. அதனைச் சூழ்ந்தது உயிர்வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு, அவற்றுக்கிடையே கிடுகோ பனையோலையோ கட்டி அடைப்பார்கள். ஆண்டுக்கொரு முறை வேலி அடைப்பது ஒரு சடங்கு போலவே நடைபெறும். வெட்டிய குழை ஆட்டுக்கும் வயலுக்கும் போகும். பசுமை அக்காலத்தில் அலங்காரமாக இருக்கவில்லை. எரு, தீவனம், மறைப்பு, நிழல் ஆகிய நாலு தொழிலை அது செய்தது.

வளவின் ஒரு பக்கத்திற் கிணறு. இங்கே சற்று நின்று பார்ப்போம். ஏனெனில் அக்காலத்துக் குளியலறை இதுவே. துலாவால் இறைத்த நீரைத் தொட்டியிற் சேர்த்தோ, வாளியால் நேரே வார்த்தோ குளிப்பார்கள். பெண்கள் குளிக்க ஓலை மறைப்பு ஒன்று இருக்கும். குளித்த நீர் வீணாய்ப் போகாது. சிறு வாய்க்கால் வழியாக முதலில் வாழையடிக்கும், மிஞ்சியது தென்னைக்கும் தேசிக்கும் போகும். நான் சிறுவனாக இருந்தபோது வாய்க்காலில் மண் விழுந்து அடைத்துக்கொண்டால் அப்பாச்சி ஏசுவார். குளிப்பது நாங்கள்; ஆனால் அவருடைய கணக்கில் அது வாழைக்குத் தண்ணீர் விடும் நேரம்.

குடாநாட்டின் நிலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருள் விளங்கும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே கிடையாது. மாரியில் மட்டும் நீர் காணும் வழுக்கியாறு ஒன்றே உண்டு. பெய்யும் மழை, பிளவுகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லின் ஊடாக இறங்கி, கடலின் உவர்நீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்கின்றது. கிணறுகள் யாவும் தொடுவது அந்தப் படலத்தையே. மேலே ஊற்றுவது எதுவாயினும் அது நெடுநாள் செல்லாமல் கீழே போய்ச் சேரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பழைய வீட்டை வாயாரப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வது நேர்மையன்று. அந்தக் கிணற்றடி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சாதியின் பேரால் கயிற்றைத் தொட விடாமல், பிறர் வார்க்கும் நீருக்காகக் கைகளைக் குவித்து நின்ற மக்கள் பலர். திண்ணையோடு நிறுத்தப்பட்டவர்களும் அவர்களே. பெண்களின் நிலையோ வேறு. மலசலகூடம் என்ற ஒன்றில்லாத காலத்தில் அவர்கள் பனங்கூடலுக்குப் போக இருட்டும்வரை காத்திருந்தார்கள். மாரி மழையிலும், நோயிலும், பிள்ளை பெற்ற உடம்போடும் போனார்கள். நீராடுமிடமும் கழிப்பிடமும் கூரையின் கீழே வந்ததை ஆடம்பரம் என்று பேசுகின்ற ஆண்கள் இதனை மறந்துவிடுகின்றார்கள்.

உள்ளே வந்த கதை எங்கே தொடங்குகின்றது? நம் வீட்டுச் சொற்களே ஓரளவுக்குச் சாட்சி. யன்னல், குசினி, அலுமாரி, மேசை, கதிரை என்பன 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்தவை. 1658 இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று கக்கூசு. சபையிற் சொல்லக் கூசுகின்றோம். ஆயினும் வரலாற்றில் அதற்கும் ஓர் இடமுண்டு. ஒல்லாந்தர் இந்நாட்டு வெயிலை மதித்தவர்கள். கொழும்புப் புறக்கோட்டையில் அவர்கள் காலத்து மாளிகை ஒன்று இப்பொழுது நூதனசாலையாக இருக்கின்றது. தெருவோரம் தூண்கள் நிரைத்த விறாந்தையும், உள்ளே பசுமை சூழ்ந்த முற்றமும் அதில் உண்டு. நாற்சார் வீட்டிற் பிறந்தவன் அங்கே போனால் வழி கேட்க வேண்டியதில்லை.

முற்றத்தை மூடியவர் ஆங்கிலேயர் எனலாம். அவர்களுடைய பங்களா, தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும். பசுமை வீட்டின் உள்ளேயிருந்து வெளியே போய், பார்ப்பதற்குரிய புற்றரையாக மாறிற்று. படுக்கையறை ஒவ்வொன்றையும் ஒட்டிக் குளியலறை ஒன்று வந்தது. அந்தக் குளியலறைக்கு வெளிப்புறமாகவும் ஒரு கதவு இருந்தது. துரை அந்தக் கதவைப் பயன்படுத்துவதில்லை. மலவாளியை எடுத்துச் செல்லும் தொழிலாளிக்காக அது அமைந்தது. வசதி என்பது பல வேளைகளில் இன்னொருவர் தலையிற் சுமத்தப்பட்ட வாளிதான். நம்முடைய பட்டினங்களிலும் அந்த வாளி முறை நெடுங்காலம் நிலைத்திருந்தது.

வாளியை ஒழித்தது அறிவுரையன்று. ஒரு வளைந்த குழாய். இலண்டனில் மணிக்கூடு செய்துவந்த அலெக்சாந்தர் கமிங் என்பவர் 1775 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். குழாயின் வளைவிற் சிறிதளவு நீர் எப்போதும் தங்கிநின்று நாற்றம் மேலே வராமல் தடுக்கும். வீட்டுக்குள்ளே மலசலகூடம் வரக்கூடியதாக இருந்தமைக்கு இந்த ஒரு கோப்பைத் தண்ணீரே காரணம். இலங்கையில் 1916 அளவில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொழுக்கிப்புழு நோயை ஒழிக்க முற்பட்டபோது, தோட்டப் பகுதிகளில் மலசலகூடம் கட்டுவதும் அவர்களுடைய வேலைகளில் ஒன்றாயிற்று. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தோன்றிய பின்னர் அந்த வேலை ஊர்களுக்கும் பரவியது. குழாய் நீரோ கொழும்புக்கு 1880களிலேயே லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து வந்துவிட்டது. ஏனைய ஊர்களிற் கிணறே கதியாக இருந்தது. மின்சார மோட்டரும் கூரைமேல் தாங்கியும் வந்த பின்னர்தான் அங்கே திருகினால் நீர் வந்தது. அத்தோடு துலாவும் மறைந்தது.

நாற்சார் வீடு ஏன் அருகிற்று என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. சீதனமாகப் பிரித்துப் பிரித்துக் கொடுத்ததில் வளவு சிறுத்தது. சீமெந்துத் தட்டுக்கூரை மலிந்தது. பின்னர் யுத்தம் வந்தது. 1995 இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களுட் பலர் கண்டது, ஓடும் மரமும் போய்ச் சுவர் மாத்திரம் நின்ற வீடுகளையே. முதிரை வளையும் பனஞ்சலாகையும் மறுபடி தேடி நாற்சார் எழுப்ப எவரிடம் பணம் இருந்தது? மீள்குடியேறியோருக்கு 2012 முதல் இந்திய அரசின் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி கொண்டவை. தலைக்கு மேலே கூரை கிடைத்ததே பெரிது என்றிருந்த காலத்தில் முற்றத்தைப் பற்றிப் பேசியிருந்தால் அது எடுபட்டிராது.

அதே முற்றம் கொழும்பில் வேறு வாசலால் திரும்பி வந்தது என்பதுதான் விந்தை. கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா அம்மையார், 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் கழகத்தில் இணைந்த முதலாவது ஆசியப் பெண்மணி. இலண்டனில் நவீன கட்டடக்கலையைக் கற்றுத் திரும்பிய அவர், கண்டியில் 1951 இல் முடித்த கருணாரத்ன இல்லத்தில் கொங்கிறீற்றையும் உள்ளூர்க் கைவினைஞரின் வேலையையும் ஒருங்கே வைத்தார். அவருக்குப் பின் வந்தவர் ஜெப்ரி பாவா. முதலிற் சட்டம் பயின்று, தமது 38ஆவது வயதில், 1957 இற் கட்டடக்கலைஞரானவர். ஏனா டி சில்வா அம்மையாருக்காக அவர் 1960 முதல் 1962 வரை கொழும்பிற் கட்டிய வீடு, தெருவுக்கு மதிலைக் காட்டி, நடுவிலே பெரியதொரு முற்றத்தைச் சூழ்ந்து நிற்பது. சிறு முற்றங்கள் வேறு. நெருக்கமான நகரத்தில் நிலத்தின் ஓரத்தில் மதிலை எழுப்பிவிட்டு, தோட்டத்தை உள்ளே எடுத்துக்கொண்டார். பின்னாளில் அந்த நிலம் கைமாறியபோது, வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மறுபடி கட்டி எழுப்பினார்கள். நம்மூரில் இடிந்த நாற்சார் வீட்டின் தூண்களைப் பழம்பொருள் வியாபாரி லொறியில் ஏற்றிப் போனதைப் பார்த்த கண்ணுக்கு, இதில் ஒரு பொறாமை உண்டாவது இயல்பே.

இன்று உல்லாச விடுதிகளில் வானம் பார்த்த குளியலறையைக் காட்டிக் கட்டணத்தை உயர்த்துகின்றார்கள். ஒரு மூலையில் வாழை ஒன்றும் நிற்கின்றது. ஆனால் அந்த வாழைக்குப் போவது குளித்த நீரன்று. வேறு குழாயால் வருகின்ற நல்ல நீர். குளித்த நீர் நிலத்துக்குக் கீழே குழிக்குப் போகின்றது. பழைய வீட்டின் தோற்றம் திரும்பி வந்திருக்கின்றது, வாய்க்கால் திரும்பவில்லை.

குடாநாட்டில் இதற்கு நாம் விலை கொடுத்து வருகின்றோம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியாவது இருக்கவேண்டும் எனப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். ஒரு பரப்புக் காணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 2,722 சதுர அடி. சதுரமாயின் பக்கம் 52 அடி. கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்தால்தான் 50 அடி தாராளமாகக் கிடைக்கும். அந்த எதிர்மூலை பெரும்பாலும் அயலவருடைய கிணற்றடி. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு தாண்டப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டு ஆண்டுகள் பல ஆகின்றன. தோட்டத்துக்கு இடும் உரமும் மலக்குழியும் இதற்குக் காரணம். கைக்குழந்தைகளுக்கு அந்த நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுப்பது ஆபத்து.

இதனை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 2012 இல் எங்கள் வீட்டைத் திருத்திக் கட்டியபோது வீட்டினுள் இரண்டு குளியலறை வைத்தோம். குழியை மேசன் கிணற்றிலிருந்து 22 அடியில் வெட்டினார். நான் மேற்பார்வைக்கு நின்றவன்; பாடசாலையில் மாணவருக்குப் புவியியல் படிப்பித்தவன்; இருந்தும் ஒரு சொல் சொல்லவில்லை. சுவருக்கு என்ன நிறம் என்பதிலேயே எனக்குக் கவனம். நாலு ஆண்டுக்குப் பின் நீரைச் சோதிக்கக் கொடுத்தோம். அந்தக் கிணற்று நீரை மகளின் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுதி வந்தது.

குழியை மாற்றத் தீர்மானித்து, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வளவைச் சுற்றினேன். எங்கள் கிணற்றிலிருந்து விலகிய இடமெல்லாம் அயல்வீட்டு அண்ணரின் கிணற்றை நெருங்கியது. நாடாவின் மறு நுனியைப் பிடித்து நின்றவர் அவரேதான். இரண்டு கிணற்றுக்கும் பொருந்தும் இடம் ஒன்றும் அந்த வளவில் இல்லையென்பதை இருவருமாக ஒரு பின்னேரம் முழுவதும் அளந்து கண்டுகொண்டோம். ஈற்றில் அடியும் பக்கமும் சீமெந்து பூசிய மூடிய தொட்டி ஒன்று கட்டினேன். நிரம்பினால் உள்ளூராட்சி மன்றத்து வண்டி வந்து இறைக்கும். குளித்த நீரை அதிலே விடவில்லை. அதற்குத் தனிக்குழாய் போட்டு, கோடிப்புறத்தில் அப்பாச்சியின் வாய்க்கால் இருந்த இடத்திலேயே மண்ணைக் கிளறிவிட்டேன். செலவைக் கேட்டால் சொல்ல வெட்கம். அந்தப் பளிங்கு ஓட்டுக்குக் கொடுத்ததிற் பாதியும் வரவில்லை.

அந்த ஈரத்தில் இரண்டு கதலிக் கன்றை வைத்தோம். முதற் குலையில் இரண்டு சீப்பு மதிலுக்கு அப்பால் போயிற்று.