செய்தியும் சான்றும்: வணிகப் பள்ளி ஆய்வாளர்களின் ஊடகப் புகழை மதிப்பிடுதல்

வணிகப் பள்ளிகள் தம் ஆசிரியர்களின் சாதனைகளை அறிவிக்கும்போது இரண்டு வகைச் செய்திகளை ஒரே வரிசையில் வைக்கின்றன. ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று. நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ அந்த ஆசிரியரின் கருத்து இடம்பெற்றது மற்றொன்று. முன்னது துறையறிஞர் சிலரின் பரிசீலனையைக் கடந்தது என்பதைக் காட்டுகிறது. பின்னது வாசகர் அதை விரும்புவர் என்று ஒரு செய்தியாசிரியர் கருதியதை மட்டுமே காட்டுகிறது. இரண்டையும் சாதனை என்ற ஒரே தலைப்பில் சேர்ப்பதால் ஆய்வுக்குக் கேடு விளைந்திருக்கிறது என்பதும், இத்துறையின் மிகச் சிறந்த அண்மைப் பணியாகிய சரிபார்ப்புக்கு அந்த வரிசையில் இடமே இல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இக்கலப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1959இல் அமெரிக்காவில் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் கார்டனும் ஹவலும் எழுதியது ஒன்று. கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் பியர்சன் எழுதியது மற்றொன்று. வணிகக் கல்வியில் ஆய்வுத் தரம் தாழ்ந்திருக்கிறது என்று இரண்டுமே கடிந்துரைத்தன. அதன்பின் பொருளியலாளர்களும் உளவியலாளர்களும் புள்ளியியலாளர்களும் வணிகப் பள்ளிகளில் பெருமளவில் அமர்த்தப்பட்டனர். ஆய்விதழ்க் கட்டுரையே பதவி உயர்வின் அளவுகோலாயிற்று. ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளேடு தன் தரவரிசைக்குப் பயன்படுத்தும் இதழ்ப் பட்டியல் 2016இல் 45இலிருந்து 50 ஆக விரிந்தது. பல பள்ளிகளில் அந்தப் பட்டியலே ஆசிரியர்களின் உழைப்பை அளக்கிறது. ஆனால் கட்டணம் செலுத்தும் மாணவரும் நன்கொடை தரும் தொழிலதிபரும் அந்த இதழ்களைப் படிப்பதில்லை. அவர்களை எட்டும் வேலையை ஊடகத் தொடர்பு அலுவலகம் ஏற்றுக்கொண்டது.

இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை ‘ஆற்றல் தோரணை’ ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. கொலம்பியா, ஹார்வர்ட் வணிகப் பள்ளிகளைச் சேர்ந்த டானா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் மூவரும் 2010இல் சைக்கலாஜிக்கல் சயின்ஸ் இதழில் அதை வெளியிட்டனர். கைகால்களை விரித்து அதிகாரம் தோன்றும் தோரணையில் சில நிமிடம் இருந்தவர்களின் உமிழ்நீரில் டெஸ்டோஸ்டிரோன் கூடியது, கார்டிசால் குறைந்தது, துணிந்து பந்தயம் கட்டும் போக்கும் வளர்ந்தது என்பது முடிவு. பங்கேற்றவர் 42 பேர். ஹார்மோன் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும் என்பதால் இந்த எண்ணிக்கை மிகச் சிறியது. ஆயினும் 2012இல் கடி ஆற்றிய டெட் உரை உலகில் மிக அதிகம் பேர் பார்த்த உரைகளுள் ஒன்றாயிற்று. நேர்முகத் தேர்வுக்கு முன் செய்ய வேண்டிய பயிற்சியாக அது எங்கும் பரவியது. 2015இல் ஈவா ரானிஹில் குழுவினர் 200 பேரைக் கொண்டு அதை மீண்டும் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றமும் இல்லை, துணிவும் கூடவில்லை. தமக்கு ஆற்றல் கூடியதாகப் பங்கேற்பாளர்கள் உணர்ந்தது மட்டும் நிலைத்தது. அந்த உணர்வு விளைவையே கடி பின்னர் தம் தரப்பின் மையமாக முன்வைத்தார். முதல் ஆசிரியரான கார்னியோ, இவ்விளைவு உண்மை எனத் தாம் இனி நம்பவில்லை என்று 2016இல் பகிரங்கமாக எழுதினார். ஓர் ஆய்வாளர் தம் பெயரைப் புகழ்பெறச் செய்த முடிவைத் தாமே கைவிடுவது அரிது; எந்தச் சாதனைப் பட்டியலிலும் அது மேலிடம் பெறத் தக்கது.

மிகைப்படுத்தும் பழியைப் பத்திரிகையாளர் மேல் மட்டும் போட முடியாது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 உடல்நல ஆய்வுச் செய்திக்குறிப்புகளைப் பெட்ரோக் சம்னர் குழுவினர் ஆராய்ந்து 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டனர். அவற்றுள் 40 விழுக்காடு, மூலக் கட்டுரை சொல்லாத அளவுக்கு அறிவுரையை வலுப்படுத்தியிருந்தன. குறிப்பு மிகைப்பட்டிருந்தபோது அது பற்றிய செய்திகளில் 58 விழுக்காடும் அவ்வாறே மிகைப்பட்டன. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 17 விழுக்காடுதான். ஆக, மிகை பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பிறக்கிறது. ஆய்வு மருத்துவம் சார்ந்தது எனினும், வணிகப் பள்ளிகளின் குறிப்புகளும் அதே முறையில்தான் உருவாகின்றன.

இக்கோளாறுகளை வெளிக்கொணர்ந்தவர்களும் வணிகப் பள்ளி ஆசிரியர்களே என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. ஜோ சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் மூவரும் 2011இல் எழுதிய கட்டுரை, அன்று ஏற்கப்பட்ட ஆய்வு வழக்கங்களைக் கொண்டே ஒரு பொய்யை நிறுவிக் காட்டியது. குறிப்பிட்ட ஒரு பீட்டில்ஸ் பாடலைக் கேட்டவர்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வயது குறைந்துவிட்டனர் என்பது அதன் புள்ளியியல் முடிவு. எங்கே தரவு திரட்டலை நிறுத்துவது, எந்த அளவீட்டை வெளியிடுவது, எதைக் கட்டுப்பாட்டு மாறியாக வைப்பது என்ற தேர்வுகள் ஆய்வாளர் கையில் விடப்பட்டால், நடக்கவே முடியாத ஒன்றுக்கும் சான்று கிடைத்துவிடும் என்பதே அதன் பாடம்.

இம்மூவரும் நடத்தும் டேட்டா கொலாடா தளம் 2021இல் இன்னொரு புகழ்பெற்ற முடிவைச் சோதித்தது. படிவத்தின் தொடக்கத்திலேயே கையொப்பமிட வைத்தால் மக்கள் நேர்மையாக நடப்பர் என்று 2012இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வெளிவந்த கட்டுரை அது. அதன் ஆசிரியர்களே மேலும் பெரிய சோதனையில் அவ்விளைவு கிட்டவில்லை என்று 2020இல் அறிவித்திருந்தனர். கார்க் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தரவைத் தளம் ஆராய்ந்தபோது, ஓட்டிய மைல்கள் 0 முதல் 50,000 வரை எல்லா அளவிலும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருந்தன. அதற்கு மேல் எவருமே இல்லை. உண்மையான ஓட்டுநர்களிடம் இப்படி ஒரு பரவல் அமையாது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2023 ஜூனில் அதே தளம், அக்கட்டுரையின் இணையாசிரியரும் ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியருமான ஃபிரான்செஸ்கா ஜீனோவின் நான்கு ஆய்வுகளில் தரவு திருத்தப்பட்டதாக எழுதியது. அவர் அதை மறுத்து, பல்கலைக்கழகத்தின் மீதும் அம்மூவர் மீதும் 2.5 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவதூறுக் குற்றச்சாட்டை 2024 செப்டம்பரில் நீதிமன்றம் தள்ளியது. 2025 மே மாதத்தில் அவரது நிரந்தரப் பணி உரிமையை ஹார்வர்ட் ரத்து செய்தது. வழக்குச் செலவுக்காக அம்மூவருக்கு ஆய்வுலகத்தினர் 3 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டிக் கொடுத்தனர். பிறர் தரவைச் சரிபார்ப்பவர் எத்தகைய இடரை ஏற்கிறார் என்பதற்கு இத்தொகையே அளவு.

ஊடகக் கவனம் எல்லாமே கேடு என்று இதற்குப் பொருளில்லை. எந்தப் பணியின் மேல், எப்போது அது விழுகிறது என்பதே கேள்வி. டக்ளஸ் டைமண்டும் ஃபிலிப் டிப்விக்கும் 1983இல் வெளியிட்ட கட்டுரை, நல்ல நிலையிலுள்ள வங்கிகூடப் பிறர் பணத்தை எடுக்கிறார்கள் என்ற அச்சத்தாலேயே வீழலாம் என்பதை விளக்கியது. பிந்தைய ஆண்டுகளில் இருவரும் வணிகப் பள்ளிகளில்தான் பணியாற்றினர். டைமண்ட் சிகாகோ பூத்திலும் டிப்விக் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலின் பள்ளியிலும். 2022இல் பென் பெர்னான்கியோடு பொருளியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறி சிலிக்கான் வேலி வங்கி வீழ்ந்தபோது, நாளிதழ்கள் அந்த நாற்பதாண்டுக் கட்டுரையைத் தேடிச் சென்றன. துறை முழுவதும் நெடுங்காலம் சோதித்து, நீட்டித்து, எதிர்த்துப் பார்த்த ஒன்றை மக்களிடம் கொண்டுசேர்க்கும்போது ஊடகம் மெய்யான தொண்டு செய்கிறது.

கோவையில் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சி. கே. பிரகலாத் இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டவர். ஏழைகளைச் சந்தையாகக் கருதும் அவரது 2004ஆம் ஆண்டு நூல் உலகப் புகழ் பெற்றது; அதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒரு சான்றாக விளங்கியது. அதே பல்கலைக்கழகத்தின் அனீல் கர்னானி, அச்சந்தையின் அளவு மிகைப்படுத்தப்பட்டது என்று 2007இல் மறுத்தெழுதினார். அரவிந்த் ஓர் அறக்கட்டளையின் நிறுவனம். கட்டணம் தரும் நோயாளிகளின் பணமே ஏழைகளின் சிகிச்சையைத் தாங்குகிறது. ஆகவே ஏழைகளிடம் விற்று இலாபம் காணலாம் என்ற கருத்துக்கு அது வலுவான சான்றாகாது. பிரகலாத்தின் நூல் அடைந்த புகழில் சிறு பங்குகூடக் கர்னானியின் மறுப்புக்குக் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

மாற்று அளவுகோல்கள் சில நடைமுறையில் உள்ளன. பிரிட்டனின் ஆய்வுத்தர மதிப்பீடு, கல்விக்கு வெளியே ஆய்வால் விளைந்த மாற்றத்துக்கு 2014இல் 20 விழுக்காடும் 2021இல் 25 விழுக்காடும் எடை தந்தது. செய்தியில் வந்ததைவிட எது மாறியது என்பதைக் கேட்பது மேலானது. ஆனால் ஆய்வு முடிவு மெய்யா என்பதை அது நேரடியாகச் சோதிப்பதில்லை. அத்திசையில் ஒரு படியை மேனேஜ்மென்ட் சயின்ஸ் இதழ் எடுத்து வைத்தது. 2019இல் தரவையும் கணினி நிரலையும் வெளியிட வேண்டும் என்று விதித்த பின், 700க்கும் மேற்பட்ட ஆய்வாளர்களைக் கொண்டு ஏறத்தாழ 500 கட்டுரைகளின் கணக்கீடுகள் மீண்டும் செய்து பார்க்கப்பட்டன. விதிக்கு முன் 12 விழுக்காட்டுக் கட்டுரைகளின் ஆசிரியர்கள்தான் தாமாக முன்வந்து தரவோ நிரலோ தந்திருந்தனர். அக்கட்டுரைகளிலும் 55 விழுக்காட்டின் முடிவுகளே மீண்டும் கிடைத்தன. விதிக்குப் பின், தரவு கைக்கு எட்டிய கட்டுரைகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் முழுமையாகவோ பெரும்பாலுமோ அதே முடிவைத் தந்தன. ஆனால் 29 விழுக்காட்டுக் கட்டுரைகளில் தரவின் ஒரு பகுதியேனும் சரிபார்ப்பவருக்குக் கிடைக்கவில்லை. அவற்றையும் சேர்த்தால் அளவு 68 விழுக்காடாகக் குறைகிறது. நிறுவனங்களின் உள்தரவையும் கட்டணத் தரவுத்தளங்களையும் நம்பியிருக்கும் துறையில் இந்த இடைவெளி எதிர்பார்க்கத்தக்கதே. ஒப்பந்தம் எழுதும்போதே இதழின் சரிபார்ப்பாளர் ஒருவருக்காவது தரவைக் காட்டும் உரிமையைக் கேட்டுப் பெறுவது ஆய்வாளரின் கடமையாகவும், அதற்குச் சட்ட உதவி தருவது பள்ளியின் கடமையாகவும் ஆக வேண்டும்.