கொல்லிமலைச் சாமையும் குச்சிக்கிழங்கும்

நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கண்முன் விரியும் கொல்லிமலை, கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய வல்வில் ஓரியின் நாடு என்ற அளவில் தமிழ் படித்தோர் அனைவருக்கும் பரிச்சயமானது. ஓரியின் கொடையைப் புலவர்கள் பாடி வைத்தார்கள், அது நிலைத்தது. ஆனால் அதே மலையில், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட மலையாளி என்னும் பழங்குடிக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த மற்றொரு செல்வம் பாடுவாரின்றிக் கிடந்தது. அச்செல்வம் அவர்களுடைய விதை.

சாமை என்று நாம் ஒரே பெயரால் சொல்லிவிடும் தானியத்தில் அவர்கள் மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று பேதம் கண்டார்கள். தினையில் செந்தினையையும் பெருந்தினையையும், கேழ்வரகில் அரிசிக் கேழ்வரகையும் சுண்டங்கிக் கேழ்வரகையும் பிரித்தறிந்தார்கள். ஒன்று முந்தி விளையும், ஒன்று பிந்தி விளையும். ஒன்று களிக்கு ஏற்றது, ஒன்று சோற்றுக்கு ஏற்றது. மழை பொய்த்து ஒன்று கெட்டாலும் மற்றொன்று குடும்பத்தின் ஜீவனத்தைக் காத்தது. பல்லுயிர் வளம் என்று இக்காலத்து விஞ்ஞானிகள் போற்றும் விஷயம், அவர்கள் வரையில் வீட்டில் அடுப்பு அணையாமல் காக்கும் உபாயமாகவே இருந்தது.

அந்த உபாயம் ஏன் கைநழுவிற்று? தென்னமெரிக்காவில் பிறந்து, திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜாவின் ஆதரவால் ஏழைகளின் உணவாகப் பரவிய குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி, இரண்டாம் உலக யுத்தத்தின்போது, மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோன நெருக்கடியில், தன் மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு புதுத் தொழிலைச் சேலத்துக்குக் கொண்டுவந்தது. 1943-ஆம் ஆண்டளவில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் குடிசைத் தொழிலாகத் தொடங்கிய அம்முயற்சி, வெகு சீக்கிரத்தில் நூற்றுக்கணக்கான ஜவ்வரிசி (சேகோ) ஆலைகளாகப் பெருகிற்று. 1981-இல் உற்பத்தியாளர்களுக்கென்று சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமே தோன்றிற்று. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது. மலைமேல் சாலை சென்றது. சாலை வழியே லாரி சென்றது. சாமை விளைந்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு ஏறிற்று. காட்டோரத்திலேயே எடை போட்டு ரொக்கம் கொடுக்கும் பயிரை, பிள்ளைகளின் படிப்புக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் காசு தேடும் குடியானவன் வேண்டாம் என்பானா?

மற்றொரு காரணமும் உண்டு. அதைப் பெண்களே அறிவார்கள். சாமையின் மணி மிகச் சிறியது, வழுவழுப்பானது. அதன் உமியோ கெட்டியானது. உரலிலிட்டு உலக்கையால் இடித்தால் மணி நழுவி நழுவி ஓடும். இடித்து, முறத்தில் புடைத்து, உமி போகாததை மீண்டும் உரலிலிட்டு, மறுபடியும் இடித்து, மறுபடியும் புடைத்து ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி சேர்ப்பதற்குள், பகலெல்லாம் காட்டில் களையெடுத்துவிட்டு வந்த ஸ்திரீயின் தோள்கள் ஓய்ந்துபோகும். ரேஷன் கடையில் தீட்டிய அரிசி மலிவாகக் கிடைத்த அன்று அவள் உலக்கையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள் என்றால், அவளைக் குறைகூற நமக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை.

ஆனால் கிழங்கும் தன் விலையை வாங்காமல் விடவில்லை. ஏறக்குறைய பத்து மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் அது, தோண்டும்போது சரிவின் மண்ணைக் கிளறிவிட, அடுத்த மழை அம்மண்ணை அடித்துச் சென்றது. ஆலையில் விலை விழுந்த வருஷத்தில், முன்பு தானியம் நிறைந்திருந்த வீடுகள் தானியத்தையும் காசு கொடுத்தே வாங்க நேர்ந்தது.

1990-களின் நடுவில் அங்கே பணி தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், விதையைக் காப்பாற்றுங்கள் என்று உபதேசம் செய்வதோடு நின்றிருந்தால் யாதொரு பலனும் விளைந்திராது. அவர்கள் ஊருக்குள்ளேயே விதை வங்கிகள் ஏற்படத் துணைநின்றார்கள். உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கிராமங்களில் நிறுவினார்கள். மகளிர் குழுக்கள் மாவும் சத்துமாவும் செய்து பட்டணத்தில் விற்க வழிசெய்தார்கள். தோள்வலி குறைந்து, கைக்கு விலையும் வந்தபோது, சாமை சில வயல்களுக்கேனும் திரும்பிற்று. குச்சிக்கிழங்கு மறைந்துவிடவில்லை, மறைய வேண்டுமென்பதும் இல்லை. காசுக்கு ஒரு பயிரும் சோற்றுக்குப் பல பயிர்களும் ஒரே குடும்பத்தின் நிலத்தில் நிற்க முடியுமானால் அதுவே க்ஷேமம்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆண்டு முடிந்தது, விழாவும் முடிந்தது. இரண்டு ஏக்கர் சரிவை உழுது பிழைப்பவனிடம், உலகத்தின் விதைச் செல்வத்தை உன் நஷ்டத்தில் காப்பாற்று என்று கேட்பது தர்மமாகாது. காப்பவனுக்குக் கூலி உண்டு. அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியவர்கள், சமவெளியில் உட்கார்ந்து உண்ணும் நாமேதான்; சாமையை நியாயமான விலைக்கு வாங்கி, வாரத்தில் ஒரு நாளாவது உலையில் ஏற்றுவதிலிருந்து அதைத் தொடங்குவோமாக.