வேயீன் நதியில் நடந்த உழவாரப் பணி

நீரைத் தெய்வ வடிவாகப் போற்றுவது பாரத நாட்டில் தொன்றுதொட்டு விளங்கும் மரபாகும். குடமுழுக்கு விழாக்களில் புண்ணிய நதிகளின் தீர்த்தம் கலசங்களில் நிறைக்கப்படுகிறது. தைப்பூசத் திருநாளில் பத்துமலையில் காவடி ஏந்தும் அடியவர்கள், சுங்கை பத்து ஆற்றங்கரையில் நீராடிய பின்னரே படியேறுகின்றனர். ஆயினும், போற்றப்படும் நதிகள் யாவும் காக்கப்பட்டதில்லை என்பதே வரலாறு காட்டும் உண்மை. வணங்கிய மக்களே கழிவைக் கலந்து கெடுத்த ஒரு நதி, அம்மக்களின் கைகளாலேயே மீண்டெழுந்த நிகழ்ச்சி பஞ்சாப் மாநிலத்தில் நடந்தது. அந்நதியின் பெயர் வேயீன். கருமை நிறத்தைக் குறிக்கும் அடைமொழியோடு ‘காலீ வேயீன்’ என்று பஞ்சாபியர் அதனை அழைப்பர்.

குரு நானக் நீராடிய நதி

ஹோஷியார்பூர் மாவட்டத்தில், பியாஸ் நதியை ஒட்டிய சதுப்பு நிலத்தில் ஊற்றெடுக்கும் வேயீன், ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓடி, பியாஸும் சட்லெஜும் கூடும் ஹரிகே என்னுமிடத்தில் கலக்கிறது. அதன் கரையில் அமைந்த தொன்மையான ஊர் சுல்தான்பூர் லோதி. 1469-ஆம் ஆண்டு பிறந்த குரு நானக், இளமையில் அவ்வூரில் தௌலத் கான் லோதியின் தானியக் களஞ்சியத்தில் பணியாற்றினார். ஒருநாள் வைகறையில் நீராடச் சென்ற அவர் நதியில் மறைந்து, மூன்றாம் நாள் இறையருள் பெற்றவராக வெளிப்பட்டார் என்பது சீக்கியர் மரபு. அவர் அமர்ந்து தியானித்த இலந்தை மரத்தின் பெயரால் பேர் சாஹிப் குருத்துவாரா இன்றும் அங்கு விளங்குகிறது. சீக்கியரின் அன்றாடப் பிரார்த்தனையில் நீர் தந்தையின் நிலையில் வைத்துப் போற்றப்படுகிறது.

இத்துணைப் பெருமை வாய்ந்த நதி, 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாக்கடையாக மாறியிருந்தது. ஆறு நகரங்களும் நாற்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களும் தத்தம் கழிவுநீரை அதில் விட்டன. ஆகாயத்தாமரை நீரை மூடிப் படர்ந்தது. வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன. சில இடங்களில் ஆற்றுப்படுகையே வயலாகிவிட்டது. கெட்ட நீர் நிலத்தினுள் இறங்க, கரையோர மக்கள் குடிநீருக்கு நம்பியிருந்த அடிகுழாய்களின் நீரும் பழுதாயிற்று. நீர் மாசுபடுவதைத் தடுக்க 1974-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. சட்டமும் இருந்தது, பக்தியும் இருந்தது. நதி மட்டும் காக்கப்படவில்லை.

துறவி ஒருவரின் தொண்டு

ஜலந்தர் மாவட்டம் சீச்சேவால் என்னும் சிற்றூரில் 1962-இல் பிறந்தவர் பல்பீர் சிங். கல்லூரிப் படிப்பை விடுத்துத் துறவு நெறியில் நின்ற அவர், ஊர் மக்களைக் கூட்டிக் கிராமங்களுக்குச் சாலை அமைத்துத் தரும் தொண்டில் ஈடுபட்டிருந்தார். 2000-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜலந்தரில் நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றில் வேயீன் நதியின் அவலநிலை எடுத்துரைக்கப்பட்டது. பேச்சோடு நில்லாமல், அம்மாதமே தம் தொண்டர்களுடன் அவர் நதியில் இறங்கினார்.

சீக்கியர் இத்தகைய பணியைக் ‘கரசேவை’ என்பர். அமிர்தசரஸ் பொற்கோயில் திருக்குளம் 1923-ஆம் ஆண்டிலும் 1973-ஆம் ஆண்டிலும் இவ்வாறே மக்களால் தூர்வாரப்பட்டது. கரசேவையின் உட்பொருளைச் சைவ அன்பர்கள் எளிதில் உணர்வர். ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் பெருமான் கையில் உழவாரப்படை ஏந்தி, ஆலயத் திருவீதிகளில் புல் செதுக்கித் தூய்மை செய்தார். பாடலால் மட்டுமன்றிக் கைத்தொண்டினாலும் இறைவனை வழிபடலாம் என்பதே அவர் காட்டிய நெறி. ஆலயத்தில் அப்பர் அடிகள் செய்த பணியைச் சீச்சேவால் துறவியார் ஆற்றில் செய்தார் எனலாம்.

தொண்டர்கள் கழுத்தளவு நீரில் நின்று ஆகாயத்தாமரையைக் கைகளால் பறித்துக் கரையேற்றினர். சேறு வாரப்பட்டது. கரைகள் உயர்த்தப்பட்டு மரங்கள் நடப்பட்டன, படித்துறைகள் அமைக்கப்பட்டன. கிராமத்துப் பெண்கள் ரொட்டி சுட்டு அனுப்பினர். வெளிநாடு வாழ் பஞ்சாபியர் பொருளுதவி புரிந்தனர். படுகையில் பயிர் செய்தோர் எதிர்த்தபோதும் தொண்டர்கள் பணியைக் கைவிடவில்லை. பின்னர் முக்கேரியான் புனல்மின் கால்வாயிலிருந்து நதிக்கு நீர் விடப்பட, வறண்டு கிடந்த இடங்களிலும் வேயீன் மீண்டும் ஓடியது.

கழிவுக்கு மாற்றுவழி

சேற்றை அள்ளினால் மட்டும் போதாது, கழிவு வரும் வழியையும் அடைக்க வேண்டும் என்பதைத் துறவியார் உணர்ந்திருந்தார். கழிவை ஆற்றில் விடாதே என்று சொன்னால், வேறெங்கே விடுவது என்று கிராமத்தார் கேட்பது இயல்பே. அதற்கு விடையாக எழுந்ததே ‘சீச்சேவால் முறை’. வீட்டுக் கழிவுநீர் நிலத்தடிக் குழாய்களின் வழியாக ஊர்ப்புறத்திற்குக் கொண்டு செல்லப்படுகிறது. அடுத்தடுத்து அமைந்த கிணறுகளில் குப்பையும் கசடும் எண்ணெய்ப் பிசுக்கும் நீக்கப்படுகின்றன. அதன்பின் பெரிய குளத்தில் தேங்கி, வெயிலிலும் காற்றிலும் தெளிந்து, வயலுக்குப் பாய்ச்சப்படுகிறது. ஆற்றுக்கு நஞ்சாக இருந்தது பயிருக்கு உரமாகிறது. செலவு குறைந்த இம்முறையைக் கங்கைக் கரைக் கிராமங்களுக்காகவும் பின்னாளில் ஆராய்ந்தனர்.

2006-ஆம் ஆண்டு, அப்போதைய குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் சுல்தான்பூர் லோதிக்கு நேரில் வந்து இப்பணியைப் பாராட்டினார். இராமேசுவரத்துத் தமிழர் ஒருவர், குரு நானக் நீராடிய நதிக்கரையில் நின்று மக்கள் தொண்டை வாழ்த்தியது தமிழர்க்கும் பெருமையே. 2008-இல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் சுற்றுச்சூழல் காவலர் வரிசையில் துறவியாரின் பெயரைச் சேர்த்தது. 2017-இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது. 2022-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார். 2019-இல் குரு நானக்கின் 550-ஆம் ஆண்டு விழாவிற்குச் சுல்தான்பூர் லோதியில் திரண்ட பெருங்கூட்டம், ஒருகாலத்தில் அருகே நிற்கவும் இயலாதிருந்த நதிக்கரையில் வழிபட்டது.

முடிவுறாத் தொண்டு

எனினும், வேயீன் முற்றிலும் காக்கப்பட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2010-களிலும் கழிவு கலந்து மீன்கள் செத்து மிதந்ததுண்டு. நகராட்சிகள் கழிவைத் தடுக்கத் தவறும்போதும், மேலிருந்து வரும் நீர் குறையும்போதும், பழைய துன்பம் தலைகாட்டுகிறது. வேயீன் கலக்கும் ஹரிகே அணையிலிருந்து புறப்படும் கால்வாய் நீரையே இராஜஸ்தானின் வறண்ட பகுதி மக்கள் பலர் பருகுகின்றனர். ஓர் ஊர் விடும் கழிவு, தொலைவிலுள்ள முகமறியா மனிதரின் குவளையைச் சென்றடைகிறது.

அன்றாடம் கூட்டப்படும் ஆலயப் பிராகாரத்தில் மறுநாளும் சருகு உதிரத்தான் செய்கிறது. அதனால் உழவாரப் பணியை எவரும் கைவிடுவதில்லை. நதியைக் காப்பதும் அத்தகைய நித்தியத் தொண்டே. நதியில் மூழ்கிப் பாவம் தீர்க்க விழைவோர், நதிக்குத் தாம் இழைத்த பாவத்தையும் தீர்க்கக் கடமைப்பட்டவர்கள். தீர்த்தம் தீர்த்தமாக விளங்குவதற்கு மந்திரம் மட்டும் போதாது, மண் படிந்த கைகளும் வேண்டும் என்பதே வேயீன் நதி வழிபடுவோர் அனைவர்க்கும் உணர்த்தும் பாடம்.