காயத்தோடு வீடு திரும்பியவர்கள்

மதுக்கரை என்றதும் நமக்கு சிமெண்ட் ஆலைதான் ஞாபகத்துக்கு வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான் இருந்தது. 1947-ல்தான் குன்னூர் வெலிங்டனுக்குப் போனது. இன்றைய மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சூலூரில் விமானப்படை, ரெட்பீல்ட்ஸில் கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரணி, மலைமேலே தரைப்படை என்று முப்படையும் நம்ம ஊரைச் சுற்றியே இருக்கிறது. அணிவகுத்துப் போனவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. காயத்தோடு திரும்பி வந்தவர்களையும், அவர்களைத் தாங்கிப் பிடித்த தொண்டு நிறுவனங்களையும் பற்றி இந்த மலரில் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கதை முதல் உலகப் போரில் தொடங்குகிறது. கை கால் இழந்து திரும்பிய இந்திய சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1917-ல் பம்பாயில் குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கியது. பிற்பாடு அது பூனாவை ஒட்டிய கிர்க்கிக்கு மாறியது. நூறு வருஷத்துக்கு மேல் ஆன நிறுவனம் அது. அடுத்த போர் வந்தபோது 1944-ல் பூனாவிலேயே ராணுவத்தின் செயற்கை அவய மையம் பிறந்தது. போரில் பார்வை இழந்தவர்களுக்கு டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி அமைந்தது. அதற்குத் தலைமை ஏற்ற சர் குளூத்தா மெக்கன்ஸி, கல்லிப்போலிப் போரில் தம் கண்களை இழந்த நியூசிலாந்துக்காரர். வீரர்களுக்காக வந்த அந்த இடம், பின்னாளில் பார்வையற்றோர் எல்லோருக்குமான தேசிய நிறுவனமாக வளர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1949 முதல் டிசம்பர் 7 கொடி நாள் ஆயிற்று. நம் என்.சி.சி. மாணவர்கள் உண்டியலைத் தூக்கிக்கொண்டு காந்திபுரத்திலும் டவுன்ஹாலிலும் நின்ற நாள். தனித்தனியாக இருந்த பல நிதிகளை 1993-ல் ஒன்றாக்கிக் கொடிநாள் நிதி என்று ஆக்கினார்கள்.

அரசாங்கம் பென்ஷன் கொடுக்கும், ஆஸ்பத்திரி கொடுக்கும். அதற்கு அப்புறம் ஒரு மனுஷனுக்கு வாழ்க்கை வேண்டுமே? அங்கேதான் தொண்டு அமைப்புகள் வருகின்றன. 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த முரளிகாந்த் பேட்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்ட் நடத்திய தொண்டு அமைப்பு அவருக்குக் கைகொடுத்தது. 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் 50 மீட்டர் நீச்சலில் 37.33 விநாடியில் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அதுதான். முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்காக 1974-ல் கிர்க்கியில் மறுவாழ்வு மையம் ஒன்று உருவானது. அதே 1965 போரில் ஒரு காலை இழந்து, பிறகு ராணுவத் துணைத் தளபதியாகவே உயர்ந்த விஜய் ஓபராய் 2002-ல் போரில் காயமுற்றோருக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார்.

நமக்குச் சொந்தமான ஒரு கதையும் இதில் இருக்கிறது. கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போனார். அங்கே உடல்தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் போய்விட்டது. அவருக்குச் சிகிச்சை தந்து தைரியமும் ஊட்டியவர் ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். சொந்த ஊரான ஆய்க்குடிக்குத் திரும்பிய ராமகிருஷ்ணன், 1981-ல் தொடங்கிய நிறுவனத்துக்கு அந்த மருத்துவரின் பெயரையே வைத்தார். அதுதான் அமர் சேவா சங்கம். ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு இன்று அது நிழல். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் ஒருவர் காட்டிய அன்பு, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

இந்த வரலாற்றில் பெயரில்லாமல் இருப்பவர்கள் வீட்டுப் பெண்கள். முதுகுத்தண்டு அடிபட்டவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். சிறுநீர்க்குழாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், தவறினால் தொற்று. ராத்திரியிலும் இதற்கு லீவு கிடையாது. முழு ஊனமுற்ற வீரருக்கு உதவியாளர் படி உண்டு. 7-வது ஊதியக் குழுவுக்குப் பிறகு அது 4,500 ரூபாயிலிருந்து 6,750 ஆனது. அந்தப் பணத்துக்கு ராத்திரியும் பகலும் ஆள் கிடைக்குமா? பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் அப்படி ஒரு அம்மாவிடம் பேசினேன். "பணத்தை விடுங்க தம்பி. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஒரு நாள் போய்ட்டு வரோணும்னா, இவரைப் பார்த்துக்க ஆளில்லீங்க" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

ஆனால் நாம் சேர்ந்தால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். நம்மில் கட்டட வேலை தெரிந்தவர்கள் உண்டு: வாசல்படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிக்கு ஒரு சரிவு, குளியலறையில் ஒரு கைப்பிடி போட எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகிவிடும்? பட்டறை வைத்திருப்பவர்கள் நாற்காலிச் சக்கரத்தைத் தோட்டத்து மண்ணுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரலாம். ஆடிட்டர்களும் வக்கீல்களும் பென்ஷன் காகிதம், 2003-ல் வந்த முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டை இவற்றை முடித்துத் தரலாம். டாக்டர் நண்பர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம். மாணவர்கள் முறையாகக் கற்றுக்கொண்டு, வீட்டார் வெளியே போகும் நாளில் துணைக்கு இருக்கலாம். யாருக்கு என்ன தேவை என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம், குடும்பத்தாரின் சம்மதத்தோடு கேட்டறிவதே முறை.

நம் சங்கத்தின் பொதுக்குழு கூடும்போது இதைத் தீர்மானமாகவே வைக்கப் போகிறேன். முதல் வருஷம் பத்துக் குடும்பம் போதும். விருப்பமுள்ள நண்பர்கள் மதிய சாப்பாட்டுக்கு முன்னால் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள். எந்த வேலை தெரியும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.